பழமே சேர்க்காத பீரில் உலர்திராட்சை மணம் எப்படி? பெல்ஜியத்தின் கருநிற ஏல் குறித்த ஒரு விளக்கம்

பெல்ஜியத் துறவு மடங்களில் பிறந்த கருநிற ஏல், இன்று உலகெங்கும் உள்ள சிறு பீர் ஆலைகள் பின்பற்ற முயலும் வகையாக மாறியுள்ளது. அதன் சுவை எங்கிருந்து வருகிறது, அதைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி, துறவிகள் குறைந்துவரும் காலத்தில் அந்தப் பெயருக்கு என்ன நேர்கிறது என்பதை இந்தச் செய்தித் தொகுப்பில் காணலாம்.

பெல்ஜியத்தின் மேற்கு ஓரத்தில், பிரான்ஸ் எல்லைக்கு அருகே வெஸ்ட்ஃப்ளீட்டரன் என்ற சிற்றூர் உள்ளது. 1831ஆம் ஆண்டு நிறுவப்பட்ட புனித சிக்ஸ்டஸ் துறவு மடம் அங்கு அமைந்துள்ளது. அம்மடத்தில் தயாராகும் 'வெஸ்ட்ஃப்ளீட்டரன் 12' என்ற கருநிற ஏல், உலகில் மிகுதியாகப் பேசப்படும் பீர்களுள் ஒன்று. நெடுங்காலமாக அந்தப் பாட்டிலில் ஒட்டுத்தாளே இருந்ததில்லை. பெயர் உள்ளிட்ட விவரங்கள் அனைத்தும் மஞ்சள் நிற உலோக மூடியிலேயே அச்சிடப்பட்டிருந்தன. வாங்க விரும்புவோர் தொலைபேசியில் முன்பதிவு செய்து, தமது வாகனப் பதிவெண்ணைத் தெரிவித்து, குறித்த நாளில் மடத்தின் வாயிலுக்கே சென்று பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறையும் இருந்தது. 2019ஆம் ஆண்டில்தான் இணையவழி முன்பதிவு அறிமுகமானது.

இந்த ஏலைக் கோப்பையில் ஊற்றியதும் முதலில் எழுவது பழ மணம். உலர்திராட்சை, அத்தி, பேரீச்சை, உலர்ந்த பிளம் ஆகியவற்றின் சாயல் அதில் உண்டு. அதன் பின்னால் கிராம்பின் மெல்லிய காரமும், சற்றே கருகிய சர்க்கரைப் பாகின் மணமும் தெரியும். முதன்முறையாகச் சுவைப்பவர் பலர், இதில் பழச்சாறும் மசாலாப் பொருள்களும் கலந்திருப்பதாகவே எண்ணுவர். ஆனால் அதன் மூலப்பொருள்கள் தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட், சர்க்கரை, ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகியவைதான். பழமும் இல்லை, கிராம்பும் இல்லை.

அப்படியென்றால் அந்த மணம் எங்கிருந்து வருகிறது? இந்த வகை பீரைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இக்கேள்வியில்தான் உள்ளது.

சர்க்கரையின் பங்கு:

கருநிற பீர் என்றதும் அயர்லாந்தின் ஸ்டவுட் வகையே பலருக்கு நினைவுக்கு வரும். ஸ்டவுட்டின் கருமை, காப்பிக்கொட்டையைப் போலக் கருக வறுத்த பார்லியிலிருந்து கிடைப்பது. அதனால் அதில் காப்பியின் கசப்பும் உண்டு. பெல்ஜியக் கருநிற ஏல் அவ்வாறு உருவாவதில்லை. அதன் நிறத்தில் பெரும்பங்கு, நன்கு காய்ச்சிக் கருக்கிய சர்க்கரைப் பாகிலிருந்து வருகிறது. 'கேண்டி' சர்க்கரை எனப்படும் இப்பாகு, பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்ட சர்க்கரையைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது. சர்க்கரையைக் காய்ச்சும்போது பொன்னிறம் செந்நிறமாகி, செந்நிறம் கருஞ்சிவப்பாக மாறும் நிலைகளை நம் வீட்டு அடுப்பிலும் காணலாம். ஒவ்வொரு நிலையிலும் மணம் மாறுகிறது. முதலில் தேன், பின்னர் கேரமல், அதன்பின் உலர்திராட்சை, இறுதியில் கரிந்த மணம். கருப்பட்டியைச் சுவைத்தவருக்கு இந்தப் பாகின் மணம் முற்றிலும் அந்நியமாக இராது.

இங்கே வியப்பளிக்கும் ஒரு செய்தி உண்டு. சர்க்கரை சேர்ப்பதால் இந்த பீர் இனிப்பாவதில்லை. மாறாக, இனிப்பு குறைகிறது. மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் உண்ண முடியாது. அது பீரிலேயே தங்கி, அடர்த்தியையும் இனிப்பையும் தருகிறது. 10 சதவீத ஆல்கஹால் கொண்ட ஏலை மால்ட்டை மட்டுமே கொண்டு தயாரித்தால், பாகைப் போலக் கனத்து, இரண்டாவது வாயிலேயே திகட்டிவிடும். எளிய சர்க்கரையையோ ஈஸ்ட் ஏறத்தாழ முழுமையாக உண்டு, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. எஞ்சுவது நிறமும் மணமும் மட்டுமே. எளிதில் செரிக்கக்கூடிய பீர் என்று பெல்ஜியர்கள் பெருமையுடன் குறிப்பிடுவதன் பின்னணி இதுதான்.

பிற நாட்டவர் இதை உணரச் சற்றுக் காலம் பிடித்தது. 'கேண்டி' என்ற சொல்லைக் கேட்ட அமெரிக்க வீட்டுத் தயாரிப்பாளர்கள் பலர், கற்கண்டைப் போன்ற படிகச் சர்க்கரையை விலை கொடுத்து வாங்கிப் பீரில் சேர்த்து வந்தனர். அதில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாதாரணச் சர்க்கரையைச் சேர்த்திருந்தாலும் அதே பயன்தான் கிடைத்திருக்கும். பெல்ஜிய ஆலைகள் பயன்படுத்துவது கருநிறப் பாகு என்பதைப் பரவலாக உணர்த்தியவற்றுள் ஒன்று, 2005ஆம் ஆண்டு வெளியான ஸ்டான் ஹைரோனிமஸ் என்பவரின் 'புரூ லைக் எ மாங்க்' நூலாகும்.

உண்மையான சமையற்காரர் ஈஸ்ட்:

நிறத்தையும் கேரமல் மணத்தையும் சர்க்கரைப் பாகு தருகிறது என்றால், பழமும் கிராம்பும் ஈஸ்ட்டின் வேலை. நொதித்தலின்போது ஈஸ்ட் ஆல்கஹாலை மட்டும் உருவாக்குவதில்லை. எஸ்டர்கள் எனப்படும் மணமிக்க சேர்மங்களையும் மிகச் சிறிய அளவில் உருவாக்குகிறது. அவற்றுள் ஐசோஅமைல் அசிட்டேட் என்பது, பழுத்த வாழைப்பழத்தின் மணத்துக்குக் காரணமான அதே சேர்மமாகும். வேறு சில எஸ்டர்கள் ஆப்பிளையும் சோம்பையும் நினைவூட்டுபவை.

கிராம்பு மணத்தின் கதை இன்னும் சுவையானது. பார்லியின் உமியில் ஃபெரூலிக் அமிலம் என்ற பொருள் உள்ளது. குறிப்பிட்ட சில ஈஸ்ட் வகைகள் மட்டுமே அதை 4-வினைல் குவையகால் என்ற சேர்மமாக மாற்றும் திறன் பெற்றவை. கிராம்பில் இயற்கையாக உள்ள யூஜெனாலும் இதுவும் ஒரே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனவே மூக்கு ஏமாறவில்லை. கிராம்பின் நெருங்கிய உறவையே அது உணர்கிறது. உலகில் பெருமளவில் விற்பனையாகும் லாகர் வகை பீர்களின் ஈஸ்ட்டுக்கு இத்திறன் கிடையாது. லாகரில் இந்த மணம் தோன்றினால், ஆலையில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்றே கருதப்படும். அங்கே குற்றமாக எண்ணப்படுவது, இங்கே அடையாளமாக விளங்குகிறது.

வெப்பநிலைக்கும் இதில் பங்கு உண்டு. லாகர் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் மெதுவாக நொதிக்கிறது. பெல்ஜிய ஏலோ 20 டிகிரியை ஒட்டித் தொடங்கி, ஈஸ்ட் தானே வெளியிடும் வெப்பத்தால் மேலும் சூடேறுகிறது. வெப்பம் கூடும்போது பொதுவாக எஸ்டர்களும் கூடுகின்றன. வெஸ்ட்ஃப்ளீட்டரன் மடம் தனக்கென ஈஸ்ட் வளர்ப்பதில்லை. ஆன்ட்வெர்ப் மாகாணத்தில் உள்ள வெஸ்ட்மாலே மடத்திலிருந்தே பெற்றுக்கொள்கிறது. இரு மடங்களின் பீரும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஹைரோனிமஸின் நூல் தரும் விவரப்படி, வெஸ்ட்மாலேயில் நொதித்தல் 20 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது. வெஸ்ட்ஃப்ளீட்டரனில் 28 டிகிரி வரை உயர அனுமதிக்கப்படுகிறது. ஈஸ்ட் ஒன்றே என்றாலும், அது வேலை செய்யும் அறையின் சூடு மாறினால் பீரும் மாறிவிடுகிறது.

மடங்களில் பீர் எதற்கு?

டிராப்பிஸ்ட் என்பது, பிரான்ஸின் நார்மண்டியில் உள்ள லா டிராப் மடத்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சீர்திருத்தத்தைப் பின்பற்றும் கத்தோலிக்கத் துறவியர் பிரிவாகும். தம் கைகளின் உழைப்பால் வாழ வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றும் புனித பெனடிக்டின் விதி. அதன்படி பாலாடைக்கட்டி, ரொட்டி, பீர் ஆகியவற்றைத் தயாரித்து விற்று மடத்தின் செலவுகளைச் சமாளிக்கின்றனர். வெஸ்ட்மாலே மடத்தில் 1836ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் பீர் துறவிகளின் உணவு மேசைக்கு வந்தது. பழுப்பு நிற பீர் ஒன்றை அம்மடம் 1856இல் தயாரிக்கத் தொடங்கியது. 1926இல் அதன் செய்முறை மாற்றப்பட்டு வலிமை கூட்டப்பட்டது. 'டுப்பல்' எனப்படும் வகைக்கு இன்றளவும் முன்மாதிரியாக விளங்குவது அதுவே. அதன் ஆல்கஹால் அளவு 7 சதவீதம்.

வலிமை கூடியதற்கு ஒரு சட்டமும் துணைபுரிந்தது. 1919இல் பெல்ஜிய நீதித்துறை அமைச்சர் எமில் வாண்டர்வெல்டே கொண்டுவந்த சட்டம், பொது இடங்களில் ஜின் போன்ற கடும் மதுவகைகளைப் பரிமாறுவதற்குத் தடை விதித்தது. மதுவின் பிடியிலிருந்து தொழிலாளர்களை விடுவிப்பதே அதன் நோக்கம். கடும் மது கிடைக்காத இடத்தில், வலிமையான பீருக்குத் தேவை ஏற்பட்டது. குடியைக் குறைக்க வந்த சட்டம், உலகின் வலிமைமிக்க பீர் மரபுகளுள் ஒன்று வளர இடமளித்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஷிமே பீரைத் தயாரிக்கும் ஸ்கூர்மோன் மடத்தின் தியோடர் அடிகளார், லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டி கிளெர்க்கின் துணையுடன் மடத்துக்கென ஒரு தூய ஈஸ்ட் வகையைப் பிரித்தெடுத்தார். முதலில் கிறிஸ்துமஸ் பீராக வெளிவந்த 'ஷிமே புளூ' பின்னர் ஆண்டு முழுவதும் விற்பனைக்கு வந்தது. அதன் அளவு 9 சதவீதம். ஆர்டென் பகுதியில் உள்ள ரோஷ்ஃபோர் மடத்தின் '10' என்ற ஏல் 11.3 சதவீதம் கொண்டது. 'குவாட்ருப்பல்' என்று இன்று வழங்கும் பெயரோ பெல்ஜியத்தில் பிறந்ததன்று. நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடம் 1991இல் தனது 'லா டிராப்' பீருக்குச் சூட்டிய பெயர் அது.

சுவைத்து மதிப்பிடுவது எப்படி?

இந்த ஏலை லாகரைப் போல உறைகுளிரில் எடுத்து மடமடவென்று பருகினால், மேற்சொன்ன எதுவும் புலப்படாது. மணம் தரும் சேர்மங்கள் குளிரில் ஆவியாகா. எனவே 10 முதல் 14 டிகிரி வரையிலான வெப்பநிலையே இதற்கு ஏற்றது. ஷிமே புளூவுக்கு 10 முதல் 12 டிகிரி, ரோஷ்ஃபோர் 10-க்கு 12 முதல் 14 டிகிரி என மடங்களே பரிந்துரைக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். இந்தியாவின் கோடையில் அந்தக் காத்திருப்பு நீண்டுவிடக் கூடாது. அரை மணி நேரம் மறந்துவிட்டால் ஆல்கஹாலின் நெடியே மேலோங்கும்.

கோப்பையின் வடிவம் வெறும் அலங்காரமன்று. அகன்ற வாய் கொண்ட, தண்டுடன் கூடிய கிண்ணக் கோப்பையில் நுரை பரந்து நின்று மணத்தை வெளியிடும். அது கிடைக்காவிட்டால், ஒயின் கோப்பை போதுமானது. எண்ணெய்ப் பசையோ சோப்பின் எச்சமோ இருந்தால் நுரை உடனே அடங்கிவிடும். ஆதலால் கோப்பையின் தூய்மை, அதன் வடிவத்தைக் காட்டிலும் முக்கியம்.

பாட்டிலைக் குலுக்காமல் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். இவ்வகை பீரில் பாட்டிலை அடைக்கும்போது சிறிது சர்க்கரையும் புதிய ஈஸ்ட்டும் சேர்க்கப்படுகின்றன. மூடிய பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதித்தல் நடந்து, வாயு உருவாகிறது. அந்த ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படிந்திருக்கும். கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, கடைசி விரற்கடை அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவது வழக்கம். வண்டலால் தீங்கில்லை. அது ரொட்டி மாவின் சாயலைத் தருவதால், தனியே சிறு கோப்பையில் ஊற்றிப் பருகுவோரும் உண்டு.

முதலில் கண். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், கருமை என்று தோன்றியது ஓரங்களில் செம்மாணிக்க நிறமாகத் தெரியும். நுரை வெண்மையாக அன்றி, சந்தன நிறத்தில் இருக்கும். அடுத்தது மூக்கு. நீண்ட மூச்சாக இழுப்பதைவிட, இரண்டு மூன்று குறுகிய மூச்சுகளாக முகர்வது நல்லது. ஒரே மணத்தை ஓயாமல் முகர்ந்தால் மூக்கு விரைவில் பழகிப்போய் உணர்வை இழந்துவிடும். முதல் முகர்வில் பழம் தெரியும். கோப்பையை மெல்லச் சுழற்றி மீண்டும் முகர்ந்தால் கிராம்பு, மிளகு, ரொட்டியின் மேலோடு ஆகியவை வெளிப்படலாம்.

பிறகே நாக்கு. சிறிதளவு வாயில் வைத்து, உடனே விழுங்காமல் நாவெங்கும் பரவவிட வேண்டும். விழுங்கியபின் வாயை மூடி, மூக்கின் வழியாக மெதுவாக மூச்சை வெளிவிட வேண்டும். சுவை என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி, தொண்டையின் பின்வழியாக மூக்கை அடையும் மணமே. அத்தியும் பேரீச்சையும் மிகத் தெளிவாகத் தோன்றுவது இந்தக் கணத்தில்தான். சளி பிடித்தவருக்கு உணவு சப்பென்று இருப்பதற்கும் இதுவே காரணம். நாவின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு சுவையை உணரும் என்று பள்ளிப் பாடங்களில் இடம்பெற்ற படம் தவறானது என்பது இப்போது நிறுவப்பட்டுள்ளது. எனவே எந்த இடத்தில் படுகிறது என்று தேட வேண்டியதில்லை.

நல்ல கருநிற ஏலின் தேர்வு, முடிவில்தான் நடக்கிறது. இனிப்பாகத் தொடங்கியது, விழுங்கியபின் உலர்ந்து முடிய வேண்டும். வாயில் பாகு ஒட்டிக்கொண்டிருந்தால், நொதித்தல் நிறைவடையவில்லை என்று பொருள். தொண்டையில் மெல்லிய வெம்மை இருக்கலாம், எரிச்சல் கூடாது. நகப்பூச்சை நினைவூட்டும் நெடி, நொதித்தல் கட்டுமீறிச் சூடானதன் அடையாளம். வெண்ணெய் வாடை, ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன்பே அவசரப்பட்டுப் பிரித்தெடுக்கப்பட்டதைக் காட்டலாம். நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை, ஆக்சிஜனால் பழுதுபட்டதைக் குறிக்கும்.

இந்தக் கடைசிக் குறை இந்திய நுகர்வோருக்கு நெருக்கமானது. பீர் பழுதாகும் வேகம், வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் இருமடங்கு அல்லது அதற்கும் மேலாகக் கூடுகிறது. குளிரூட்டப்படாத கிடங்கில் ஒரு கோடையைக் கழித்த இறக்குமதிப் பாட்டில் சுவையற்று இருந்தால், குறை மடத்தில் இல்லை. வந்த வழியில் உள்ளது. இருண்ட, குளிர்ந்த இடத்தில் நிறுத்தி வைத்தால் இதே ஆக்சிஜன் மெதுவாகச் செயல்பட்டு, சில ஆண்டுகளில் போர்ட், ஷெரி ஒயின்களை ஒத்த முதிர்ச்சியைத் தரும். ஷிமே புளூவின் ஒட்டுத்தாளில் தயாரிப்பு ஆண்டு அச்சிடப்படுவது இதனால்தான். ஆயினும் எல்லாப் பாட்டிலும் முதிர்ந்து சிறக்கும் என்பது மிகையான நம்பிக்கை. ஹாப்ஸின் புத்துணர்ச்சி முதலாண்டிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

ஒரு கணக்கு:

பழ மணமும் மென்மையும் ஆல்கஹாலின் வலிமையை மறைத்துவிடுகின்றன என்பதே இந்த ஏலின் உண்மையான ஆபத்து. 330 மில்லிலிட்டர் வெஸ்ட்ஃப்ளீட்டரன் 12 பாட்டிலில், 10.2 சதவீதம் என்ற கணக்கில் ஏறத்தாழ 34 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் உள்ளது. இந்தியாவில் கிடைக்கும் 5 சதவீத பீரின் 650 மில்லிலிட்டர் பெரிய பாட்டிலில் உள்ளதும் ஏறத்தாழ அதே அளவே. அதாவது அந்தச் சிறு பாட்டில், இந்தப் பெரிய பாட்டிலுக்குச் சமம். சுவைத்தறிய விரும்புவோர் ஒரு பாட்டிலை மூவர் அல்லது நால்வராகப் பகிர்ந்துகொள்வதே மரபு. அவரவர் கோப்பைக்கு 80 முதல் 100 மில்லிலிட்டர் போதும். ஆல்கஹாலில் முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தெரிவித்ததும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

பெல்ஜியத்துக்கு வெளியே:

இவ்வகை ஏல் பிற நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. அமெரிக்காவின் கொலராடோவில் 1991இல் தொடங்கிய நியூ பெல்ஜியம் ஆலையின் முதல் பீர்களுள் ஒன்று 'அபே' என்ற டுப்பல். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் யூனிப்ரூ ஆலையும், நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் 1997இல் அமைந்த ஓமேகாங் ஆலையும் இவ்வகைக்குப் பெயர் பெற்றவை.

இந்தியாவில் 'பெல்ஜிய பாணி' என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது கருநிற ஏல் அன்று. வெளிர்நிறக் கோதுமை பீரான விட்பியர். 2015இல் சந்தைக்கு வந்த பீரா 91 தொடக்கத்தில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலேயே தயாரிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. விட்பியரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் உண்மையிலேயே சேர்க்கப்படுகின்றன. அதனால் பெல்ஜிய பீர் என்றாலே மசாலா கலந்தது என்ற எண்ணம் இங்கே பரவியுள்ளது. கருநிற ஏலிலும் சில ஆலைகள் சிறிது மசாலாவைச் சேர்ப்பதுண்டு. ஆனால் இவ்வகையின் அடிப்படை மணம் அதனால் வருவதன்று.

கருநிற ஏல் இங்கே அரிதாக இருப்பதற்குத் தொழில் சார்ந்த காரணங்களும் உள்ளன. 2009இல் புனேயில் தொடங்கிய டூலாலி முதல், இந்தியாவின் சிற்றாலைகள் பெரும்பாலும் தயாரிக்கும் இடத்திலேயே பரிமாறும் முறையில் இயங்குகின்றன. கோதுமை பீரைச் சில வாரங்களில் தயாரித்து விற்றுவிடலாம். கருநிற ஏலோ தொட்டியிலும் பாட்டிலிலும் மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொள்ளும். மேலும், நாட்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், 5 முதல் 8 சதவீதம் வரையிலான பீரையே 'ஸ்ட்ராங் பீர்' என வகைப்படுத்தின. 7 சதவீத டுப்பல் அந்த வரம்புக்குள் அடங்கும். 10 சதவீதத்தைத் தாண்டும் குவாட்ருப்பல் அடங்காது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

சுவையை வேறொருவர் உருவாக்க முடியும் என்றால், பெயருக்கு என்ன பொருள்? இக்கேள்வி பெல்ஜியத்தில் நீதிமன்றம் வரை சென்றுள்ளது. துறவிகளால் தயாரிக்கப்படாத பீருக்கு 'டிராப்பிஸ்ட்' என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 1962இல் கென்ட் நகர வணிக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1997இல் நிறுவப்பட்ட சர்வதேச டிராப்பிஸ்ட் சங்கம், அறுகோண வடிவ முத்திரை ஒன்றை வழங்கி வருகிறது. மடத்தின் மதில்களுக்குள், துறவிகளாலோ அவர்களது மேற்பார்வையிலோ தயாரிக்கப்பட வேண்டும். ஆலை, மடத்து வாழ்வுக்குக் கீழ்ப்பட்டதாகவே இருக்க வேண்டும். வருவாய் துறவிகளின் வாழ்வுக்கும் மடத்தின் பராமரிப்புக்கும் போக எஞ்சியது அறப்பணிகளுக்குச் செல்ல வேண்டும் என்பன அதன் விதிகள். சுவையைப் பற்றி அவ்விதிகள் ஒன்றும் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாட்டூ என்ற ஊரில் உள்ள புனித பெர்னார்டஸ் ஆலையின் கதை இதற்கு நல்ல சான்று. 1946 முதல் 1992 வரை வெஸ்ட்ஃப்ளீட்டரன் மடத்தின் பீரை உரிமம் பெற்றுத் தயாரித்து வந்தது அந்த ஆலை. உரிமம் முடிந்தபின் தன் பெயரிலேயே தொடர்ந்தது. அதன் 'ஆப்ட் 12' என்ற 10 சதவீத ஏல், வெஸ்ட்ஃப்ளீட்டரன் 12-இன் நெருங்கிய உறவு எனலாம். காத்திருப்பின்றிக் கடைகளிலும் கிடைக்கும். அதற்கு அறுகோண முத்திரை இல்லை. வெஸ்ட்ஃப்ளீட்டரனின் புகழில் ஒரு பங்கு, அது எளிதில் கிடைக்காததால் விளைந்தது என்று எண்ணத் தோன்றுகிறது. இரண்டையும் பெயர் மறைத்து அருகருகே வைத்துச் சுவைப்பதைவிட நல்ல பாடம் இத்துறையில் வேறில்லை.

மடங்களுக்கும் பீர் மட்டுமே கவலையன்று. ரோஷ்ஃபோர் மடத்துக்கு நீர் தரும் டிரிடேன் ஊற்றுக்கு, அருகில் உள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் விரிவாக்கத்தால் பாதிப்பு ஏற்படும் என்ற அச்சம் எழுந்து, பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. சுரங்க நிறுவனம் நிலத்தின் உரிமையாளராக இருப்பினும், மடத்துக்குச் செல்லும் நீரைத் திருப்ப அதற்கு உரிமை இல்லை என்று 2021இல் லியேஜ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

துறவிகளின் எண்ணிக்கை குறைவதற்கோ நீதிமன்றத்தில் தீர்வு இல்லை. ஐரோப்பாவில் மடத்தில் சேரும் இளைஞர்கள் அருகிவிட்டனர். அமெரிக்காவின் ஒரே டிராப்பிஸ்ட் ஆலையாக 2013இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஸ்பென்சர், 2022இல் மூடப்பட்டது. பெல்ஜியத்தின் ஆகெல் மடத்தில் 1998இல் மீண்டும் பீர் தயாரிப்பு தொடங்கியது. அங்கு வாழ்ந்த கடைசித் துறவிகளும் வெளியேறியதால், 2021ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறுகோண முத்திரை திரும்பப் பெறப்பட்டது. 2023இல் மடமும் ஆலையும் தனியாருக்கு விற்கப்பட்டன. பெல்ஜியத்தில் முத்திரை பெற்ற பீர் ஆலைகள் இப்போது ஐந்து: வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்ளீட்டரன், ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர். ஆகெல் பீர் இன்றும் விற்பனையில் உள்ளது. ஒட்டுத்தாளில் அந்தச் சிறிய அறுகோணம் மட்டும் இல்லை.